தரையில் பதிந்த திரிகைக் கற்கள்

ஓடும் நீர், சுழலும் கல் – அத்தியாயம் 6

சென்ற அத்தியாயத்தை ரோமப் பேரரசில் முடித்தோம். ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆன்டிபேட்டர் என்ற கிரேக்கக் கவிஞர், விடியுமுன் எழுந்து திரிகை சுற்றிய பெண்களைப் பார்த்து, இனி நிம்மதியாக உறங்குங்கள் என்ற கருத்தில் ஒரு சிறு கவிதை எழுதினார். அவர்கள் கை செய்த வேலையை ஆற்று நீர் ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதில் அவருக்கு அத்தனை மகிழ்ச்சி. தினமும் திரிகையில் மாவு அரைத்த குடும்பங்களுக்குத்தான் அந்த மகிழ்ச்சியின் அளவு புரியும். தோளும் இடுப்பும் நோகும் அந்த வேலையை ஒருநாளும் நிறுத்த முடியாது. நேற்று அரைத்த மாவு நேற்றைய ரொட்டியோடு தீர்ந்துவிடும்.

ஆனால் வரலாறு நம் முன் விசித்திரமான ஒரு காட்சியை வைக்கிறது. இங்கிலாந்தில் ஒரு சிற்றூர் மக்கள், ஊருக்குக் கீழே ஆற்றங்கரையில் நல்ல நீராலைகள் சுழன்றுகொண்டிருந்தபோதே, வீட்டில் திரிகை சுற்றும் உரிமைக்காக நூறு ஆண்டுகளுக்கும் மேல் போராடினார்கள். வழக்காடினார்கள், முற்றுகையிட்டார்கள், கடைசியில் தூக்கிலும் தொங்கினார்கள். எளிதான வழி கண்ணெதிரே இருக்க, கடினமான வழியை ஏன் அவர்கள் கேட்டார்கள்? அதைத் தெரிந்துகொள்ள, முதலில் அந்த நாட்டின் ஆறுகளில் எத்தனை சக்கரங்கள் சுழன்றன என்று பார்க்க வேண்டும்.

ஆறாயிரம் ஆலைகள்

இங்கிலாந்தில் நீராலை நார்மன் படையெடுப்போடு வந்ததல்ல. கென்ட் பகுதியில் எப்ஸ்ஃபிளீட் என்ற இடத்தில் அகழ்ந்தெடுத்த ஆலையின் மரங்கள் 691-692 வாக்கில் வெட்டப்பட்டவை என்று மரவளையக் கணக்கு சொல்கிறது. ஸ்டாஃபோர்ட்ஷையரின் டாம்வொர்த்தில் 1971-இல் வெளிவந்த ஆலை 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. டாம்வொர்த் ஆலையின் சக்கரம் படுக்கைவாட்டில் சுழன்றது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் மேலே கல்லும் ஒரு சுற்று சுற்றும். இடையில் பல்சக்கரம் ஏதும் கிடையாது. ஊர்த் தச்சரே கட்டிவிடக்கூடிய எளிய அமைப்பு.

பிறகு வந்தது அந்தப் புகழ்பெற்ற கணக்கெடுப்பு. 1066-இல் நார்மன் படையோடு வந்து இங்கிலாந்தைக் கைப்பற்றிய வில்லியம் மன்னர், 1085 கிறிஸ்துமஸ் காலத்தில் குளோஸ்டரில் அவை கூட்டி, நாட்டில் யாரிடம் எவ்வளவு நிலம், அதிலிருந்து எவ்வளவு வருமானம் என்று ஊர் ஊராக எழுதச் சொன்னார். மறு ஆண்டே, 1086-இல், விவரங்கள் திரண்டுவிட்டன. அதுதான் டூம்ஸ்டே புத்தகம். 13,000-க்கும் மேற்பட்ட ஊர்களின் பெயர்கள் உள்ள அந்த ஏட்டில், உழுநிலத்தையும் புல்வெளியையும் அடுத்து ஆலைகளும் வருகின்றன. 1939-இல் மார்கரெட் ஹாட்ஜன் எண்ணியபோது 5,624 ஆலைகள் கிடைத்தன. பின்னர் ஹெச்.சி. டார்பி எண்ணியபோது 6,082 கிடைத்தன. இவற்றில் காற்றாலை ஒன்றுகூட இல்லை. இங்கிலாந்தின் பதிவுகளில் காற்றாலை தலைகாட்ட இன்னும் நூறு ஆண்டுகள் ஆக வேண்டும்.

இந்தக் குறிப்புகள் ஒவ்வொன்றும் ஒருவரிச் செய்திதான். ஆனால் கிராமத்தின் உயிர்த்துடிப்பு அதற்குள் இருக்கிறது. ஓர் ஊரில் அரை ஆலை என்று எழுதியிருக்கும். இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்கு ஆலை. ஒரே ஆலையில் பலருக்குப் பங்கு இருந்தது என்று பொருள். சில இடங்களில் குளிர்கால ஆலை என்ற குறிப்பு வரும். மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் வரும் ஓடையில் நின்றது அது. ஆலையின் ஆண்டு வருமானம் பெரும்பாலும் ஷில்லிங்கில் எழுதப்பட்டிருக்கிறது. பல இடங்களில் விலாங்கு மீன்களும் கணக்கில் சேரும். ஆலைக்காகத் தேக்கிய குளத்தில் விலாங்கு பெருகியது. 25 மீன்களை ஒரு கட்டாகக் கணக்கிட்டு நில உரிமையாளருக்கு அளந்தார்கள்.

கணக்கெடுப்பு அதிகாரிகள் ஆலையை மாவு அரைக்கும் பொறியாக மட்டும் பார்க்கவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. அது நிலத்தைப் போலவே வருமானம் தரும் சொத்து. அந்தச் சொத்து யாருடையது என்ற கேள்விதான் இந்த அத்தியாயம் முழுவதும் நம்மோடு வரப்போகிறது.

சக்கரம் முதல் மாவு வரை

நெட்டாக நிற்கும் சக்கரம் கொண்ட ஆலைதான் நாளடைவில் இங்கிலாந்து முழுவதும் பரவியது. கி.மு. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியப் பொறியாளர் விட்ருவியஸ் தம் நூலின் பத்தாம் பகுதியில் இதை விவரித்திருக்கிறார். அது எப்படி இயங்கியது என்று நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.

ஆற்றின் குறுக்கே ஒரு சிற்றணை. அணையின் மேற்புறம் தேங்கும் நீரிலிருந்து ஒரு வாய்க்கால் பிரிந்து ஆலைக்கு வரும். வாய்க்காலின் முனையில் மதகு. அரைவை தொடங்கும்போது ஆலைக்காரர் மதகைத் தூக்குவார். நிறுத்த வேண்டுமானால் இறக்குவார். சக்கரத்தைத் தாண்டிய நீர் கழிவுக் கால் வழியே மீண்டும் ஆற்றில் சேரும். ஆறு எதையும் இழப்பதில்லை. தன் வீழ்ச்சியின் வேகத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறது.

நீர் சக்கரத்தை எங்கே தொடுகிறது என்பதைப் பொறுத்து வலிமை மாறும். சமவெளி ஆறுகளில் நீர் சக்கரத்தின் அடிப்பலகைகளை மோதித் தள்ளும். மேட்டுப்பாங்கான இடங்களில் வாய்க்காலை உயரத்தில் கொண்டுவந்து சக்கரத்தின் உச்சியில் நீரைக் கொட்டுவார்கள். சக்கரத்தின் விளிம்பில் உள்ள தொட்டிகள் நிரம்பி, நீரின் எடையே சக்கரத்தைக் கீழே இழுக்கும். இரண்டில் எது மேல் என்று நூற்றாண்டுகளாக வாதம் நடந்தது. 1759-இல் ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளர் சிறிய மாதிரிச் சக்கரங்களை ஓடவிட்டு அளந்து, லண்டன் ராயல் சொசைட்டியில் முடிவை வெளியிட்டார். ஒரே அளவு நீரும் வீழ்ச்சியும் இருந்தால், மேலிருந்து நீர் விழும் சக்கரம் அடியில் நீர் மோதும் சக்கரத்தைப்போல ஏறக்குறைய இரு மடங்கு வேலை செய்யும் என்று அவர் காட்டினார். ஆய்வுக்காக அவருக்குக் காப்ளி பதக்கம் கிடைத்தது.

சக்கரம் மெதுவாகச் சுழலும். கல்லோ வேகமாகச் சுழன்றால்தான் மாவு வரும். ஆகவே சக்கரத்தின் இருசில், ஆலைக்கு உள்ளே, பற்கள் கொண்ட பெரிய மரச்சக்கரம் ஒன்று. அது ஒரு சிறு கூண்டுச் சக்கரத்தைத் திருப்பும். நெட்டுச் சுழற்சி படுக்கைச் சுழற்சியாகும். வேகமும் பல மடங்கு கூடும். பற்களை ஆப்பிள் மரம், ஹார்ன்பீம் போன்ற இறுகிய மரங்களில் செதுக்கினார்கள். ஏதாவது சிக்கினால் ஒரு மரப்பல் உடையும். பொறி முழுவதும் தப்பும். உடைந்த பல்லை மாற்றிக்கொண்டு அன்றே அரைக்கலாம்.

இனி கற்கள். கீழ்க்கல் அசையாது, மேற்கல் சுழலும். பிற்கால ஆலைகளில் பொதுவாக நான்கடி விட்டமும் ஒரு டன்னை நெருங்கும் எடையும் கொண்டவை. மேலே தானியத் தொட்டி. அதன் அடியில் சாய்வாகத் தொங்கும் மரத்தாம்பாளம். கல்லோடு சுழலும் ஓர் இரும்புத் தண்டு தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் தானியம் மேற்கல்லின் நடுத் துளையில் விழும். நீர் பெருகிக் கல் வேகமெடுத்தால் தட்டலும் வேகமாகும், தானியமும் கூடுதலாக விழும். நீர் குறைந்தால் எல்லாம் தானே குறையும். ஆள் பார்க்காமலே தன்னை அளந்துகொள்ளும் அந்த ஏற்பாட்டை யார் முதலில் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் கும்பிடத்தக்கவர்கள்.

இரு கற்களும் ஒன்றையொன்று தொடக் கூடாது. தாள் கனத்துக்கு இடைவெளி விட்டு நிற்க வேண்டும். தொட்டால் பொறி பறக்கும். மாவுத்தூசி நிறைந்த மரக்கட்டடம் தீப்பிடிக்கும். தொட்டி காலியானால் மணி அடிக்கும்படி பல ஆலைகளில் கட்டிவைத்திருந்ததும் அதனால்தான். கற்களின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்பு வரை வரிவரியாகப் பள்ளங்கள் வெட்டியிருக்கும். மேல்வரியும் கீழ்வரியும் குறுக்கே கடக்கும்போது தானியம் வெட்டுப்படும். மாவு பள்ளங்கள் வழியே விளிம்புக்கு வந்து கொட்டும். வரிகள் மழுங்கினால் மேற்கல்லைப் புரட்டிப்போட்டு, நம்மூரில் அம்மி கொத்துவதுபோல உளியால் கொத்த வேண்டும். வந்து விழும் மாவைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தேய்த்துப் பார்த்தே, கல்லை ஏற்றுவதா இறக்குவதா என்று ஆலைக்காரர் முடிவு செய்வார்.

நல்ல கல் எளிதில் கிடைப்பதில்லை. டெர்பிஷையர் குன்றுகளிலிருந்து மணற்கல் வந்தது. ஜெர்மனியின் ரைன் ஆற்றுப் பகுதியில் மாயென் என்ற ஊரைச் சுற்றிய எரிமலைக் கற்கள் கடல் கடந்து வந்தன. எல்லாவற்றிலும் உயர்ந்ததாகக் கருதப்பட்டது பாரிசுக்குக் கிழக்கே லா ஃபெர்த்தே-சூ-ஜுவார் என்ற ஊரின் கல். அணை, வாய்க்கால், இருசு, கல் என்று ஒவ்வொன்றும் பணம் கேட்டது. பெருவெள்ளம் வந்தால் அணை போய்விடும். குடியானவர் ஒருவர் தனியாக இதைக் கட்ட முடியாது. கட்டக் கூடியவர் நிலத்தை உடைய பிரபு, அல்லது மடம்.

அரைத்தே ஆக வேண்டும்

பணம் போட்டவர் லாபம் பார்ப்பார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இங்கிலாந்தின் பிரபுக்கள் அதோடு நிற்கவில்லை. தங்கள் பண்ணைக்கு உட்பட்ட குடிகள் தங்கள் ஆலையில் மட்டுமே அரைக்க வேண்டும் என்று விதித்தார்கள். பக்கத்து ஊர் ஆலையில் கூலி குறைவாக இருக்கலாம், மாவு நன்றாக இருக்கலாம். அங்கே போனால் அபராதம். பண்ணை நீதிமன்ற ஏடுகளில் அப்படி அபராதம் கட்டியவர்களின் பெயர்கள் நிறையவே இருக்கின்றன.

அரைவைக் கூலி தானியமாகவே எடுக்கப்பட்டது. 16-இல் ஒரு பங்கு, 24-இல் ஒரு பங்கு என்று ஊருக்கு ஊர் மாறும். சுதந்திரக் குடிகளுக்குக் குறைவு. நிலத்தோடு கட்டுண்ட பண்ணையடிமைக் குடிகளுக்கு அதிகம். இருப்பதில் ஏழையே அதிகம் கொடுத்தார். வரிசையில் நிற்பதிலும் நீதி இல்லை. பிரபுவின் தானியம் வந்தால், காத்திருப்பவர்களைத் தாண்டி முதலில் தொட்டியில் விழும். அதற்குக் கூலியும் கிடையாது. கோடையில் நீர் வற்றினாலும், குளிரில் வாய்க்கால் உறைந்தாலும், மூட்டையோடு வந்தவர் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரே எதிரி, வீட்டு மூலையில் இருந்த திரிகை. அதற்கு அணை வேண்டாம், வாய்க்கால் வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம். கட்டணம் வாங்கிக்கொண்டு திரிகைக்கு அனுமதி கொடுத்த பண்ணைகளும் உண்டு. பல இடங்களில் பண்ணை ஆட்கள் வீடு புகுந்து தேடி, திரிகைக் கல்லைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தானியம் குடிகளுடையது, உழைப்பும் குடிகளுடையது, ஆனாலும் அதை மாவாக்கும் உரிமை அவர்களிடம் இல்லை.

காற்றும் இந்தச் சண்டைக்குத் தப்பவில்லை. 1191-இல் சஃபோக் பகுதியின் பரி செயின்ட் எட்மண்ட்ஸில் ஹெர்பர்ட் என்ற பாதிரியார் தம் நிலத்தில் ஒரு காற்றாலை கட்டினார். மடாதிபதி சாம்சனுக்குச் செய்தி போனது. சாப்பிடவும் முடியாத கோபத்தில் அதை இடிக்க ஆணையிட்டார் என்று அம்மடத்துத் துறவி ஜோசலின் எழுதிவைத்திருக்கிறார். காற்று எல்லோருக்கும் பொது, என் தானியத்தை மட்டுமே அரைக்கப்போகிறேன் என்று ஹெர்பர்ட் வாதாடினார். ஊரார் அந்த ஆலைக்குப் போகத் தொடங்கிவிட்டால் தடுக்க முடியாது என்பது சாம்சனின் பதில். ஆட்கள் இடிக்க வருமுன் ஹெர்பர்ட்டே தம் ஆலையைப் பிரித்துவிட்டார்.

ஆலைக்காரரைப் பற்றியும் நியாயமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய கேன்டர்பரி கதைகளில் வரும் ஆலைக்காரர்கள் மாவு திருடுபவர்கள். மக்களின் மனத்திலும் அதே சித்திரம்தான் இருந்தது. ஆனால் அவர்களில் பலர் பிரபுவிடம் கனத்த குத்தகைக்கு ஆலையை எடுத்தவர்கள். குத்தகைப் பணம் குடியானவரின் மூட்டையிலிருந்துதான் வர வேண்டும். திட்டு முழுவதும் ஆலைக்காரருக்கு; பணத்தின் பெரும்பங்கு மாளிகைக்கு.

வெர் ஆற்றங்கரையில்

லண்டனுக்கு வடமேற்கே சுமார் 35 கிலோமீட்டரில் செயின்ட் ஆல்பன்ஸ் இருக்கிறது. ஹெர்ட்ஃபோர்ட்ஷையரின் வயல்களுக்கு நடுவே ஒரு குன்று. குன்றின் மேல் பெனடிக்ட் துறவிகளின் மாபெரும் மடாலயம். கீழே வெர் என்னும் சிற்றாறு. சுண்ணப்பாறையில் ஊறிச் சுரக்கும் நீர் அது. நிலத்தடி ஊற்றிலிருந்து வருவதால் திடீரென்று பெருகுவதுமில்லை, சட்டென்று வற்றுவதுமில்லை. ஆலைச் சக்கரத்துக்கு இதைவிட நல்ல ஆறு அமையாது. மடம் அந்தக் கரையில் வரிசையாக ஆலைகளை வைத்திருந்தது. தானியம் அரைப்பவையும் கம்பளித் துணியை நீரில் அடித்துத் தடிப்பாக்குபவையும் அவற்றில் இருந்தன. ஊரார் இரண்டுக்கும் மடத்தின் ஆலைக்கே வர வேண்டும். உண்ணும் ரொட்டியும் உடுத்தும் துணியும் ஒரே கணக்கில் வந்து விழுந்தன.

13-ஆம் நூற்றாண்டில் ஊரார் எதிர்க்கத் தொடங்கினார்கள். வீட்டில் திரிகை வைத்தார்கள், துணியை வீட்டிலேயே அடித்தார்கள். மடத்து ஆட்கள் வந்து பறித்தார்கள். 1274-இல் அரசி எலினோர் ஊருக்கு வருகிறார் என்று தெரிந்ததும், வழக்கைச் சொல்ல மக்கள் வழியில் கூடினார்கள். மடாதிபதி ரோஜர் அரசியை வேறு வழியில் அழைத்துப்போகப் பார்த்தார். மக்கள் அதையும் கண்டுபிடித்து முன்னால் போய் நின்றார்கள். முன்வரிசையில் நின்றவர்கள் பெண்கள். கைகளை நீட்டி மடாதிபதியின் மேல் முறையிட்டார்கள். திரிகை சுற்றிக் கை காய்த்தவர்கள் அந்தத் திரிகையையே திரும்பக் கேட்டார்கள். நீதிமன்றத் தீர்ப்போ மடத்தின் பக்கம் போனது.

1327-இல் இரண்டாம் எட்வர்ட் மன்னர் பதவி இழந்தார். நாடே குழம்பியிருந்த அந்த மாதங்களில் செயின்ட் ஆல்பன்ஸ் மக்கள் மடத்தை முற்றுகையிட்டார்கள். தங்கள் ஊர் தன்னுரிமை உள்ள நகரம் என்பது அவர்கள் வாதம். சான்று எங்கே என்று கேட்டபோது டூம்ஸ்டே புத்தகத்தைப் பார்க்கச் சொன்னார்கள். அதில் 46 நகரவாசிகள் அந்த ஊரில் இருந்ததாக எழுதியிருந்தது. வரி வாங்குவதற்காக ஒரு மன்னர் எழுதவைத்த ஏடு, 240 ஆண்டுகள் கழித்து மக்களுக்குச் சாட்சி சொன்னது. மடாதிபதி ஹ்யூ உரிமைப் பத்திரம் எழுதிக்கொடுத்தார். ஊரில் ஏறத்தாழ 80 திரிகைகள் சுற்றத் தொடங்கின.

கொல்லன் மகன்

அதே 1327-இல் ஹ்யூ இறந்தார். அடுத்து மடாதிபதியானவர் ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்ட். இந்தக் கதையில் நம்மை அதிகம் சிந்திக்கவைப்பவர் இவர்தான்.

வாலிங்ஃபோர்ட் என்ற ஊரில் ஒரு கொல்லருக்கு மகனாகப் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். கணிதத்திலும் வானியலிலும் அவர் காலத்து இங்கிலாந்தில் அவருக்கு நிகரானவர் குறைவு. மடத்துக்காக அவர் வடிவமைத்த கடிகாரம் மணியைக் காட்டியதோடு சூரியன், சந்திரன் நகர்வையும் கிரகணத்தையும் காட்டியது. கோயில் பழுதாகிக் கிடக்கக் கடிகாரத்துக்குச் செலவிடுகிறீர்களே என்று மூன்றாம் எட்வர்ட் மன்னர் கேட்டாராம். கட்டடத்தை எனக்குப் பின் வருபவர்கள் கட்டலாம், இந்தக் கடிகாரத்தை என்னைத் தவிர வேறு யாராலும் முடிக்க முடியாது என்ற பொருளில் ரிச்சர்ட் விடை சொன்னார் என்று மடத்தின் வரலாறு பதிவு செய்திருக்கிறது. பல்சக்கரத்தின் நுட்பத்தை அவரைவிட அறிந்தவர் இல்லை. உடலைத் தின்ற கடும் தோல்நோயோடு வாழ்ந்தபடியே அந்த வேலையைச் செய்தார்.

அதே மனிதர்தான் ஊரின் திரிகைகளை ஒழித்தவர். ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தி, 1330-களின் தொடக்கத்தில் ஊராரைப் பணியவைத்தார். உரிமைப் பத்திரம் திரும்ப வந்தது. வீடுவீடாக இருந்த திரிகைக் கற்கள் மடத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றை உடைத்தெறியவில்லை. மடத்தின் வரவேற்புக்கூடத்தில் தரைக்கற்களாகப் பதித்தார்கள். அங்கே வரும் ஒவ்வொருவரும் ஊரின் தோல்வியை மிதித்துக்கொண்டு நடக்க வேண்டும்.

கொல்லர் பட்டறையில் பிறந்தவருக்கு உழைக்கும் வீட்டின் நிலை தெரியாமல் இருந்திருக்காது. பொறியின் அருமை தெரிந்தவருக்கு, அது மனிதரின் சுமையைக் குறைக்கப் பிறந்தது என்பதும் தெரிந்திருக்கும். ஆனால் அவர் காக்க வேண்டியதாக நினைத்தது மடத்தின் வருமானத்தை, அதற்கும் மேலாக அதன் அதிகாரத்தை. அறிவுள்ளவர் கையில் இருப்பதால் மட்டும் ஒரு பொறி நியாயமாக இயங்கிவிடாது என்பதற்கு ரிச்சர்டின் வாழ்க்கை மிகத் தெளிவான சான்று.

கல்லைப் பெயர்த்த நாள்

1348-49-இல் கொள்ளைநோய் வந்தது. மடாதிபதியும் நாற்பதுக்கும் மேற்பட்ட துறவிகளும் அந்த ஊரில் மட்டும் மாண்டார்கள். நாடெங்கும் உழைக்கும் கைகள் குறைந்தன. உயிரோடு இருந்தவர்களின் உழைப்புக்கு மதிப்பு கூடியது. ஆனால் கூலியை உயர்த்தக் கூடாது என்று சட்டம் வந்தது. தலைவரி மேல் தலைவரி வந்தது. 1381 ஜூன் மாதம் எசெக்ஸ், கென்ட் மக்கள் வாட் டைலரின் தலைமையில் லண்டனுக்குள் நுழைந்தார்கள்.

செய்தி எட்டியதும் செயின்ட் ஆல்பன்ஸ் மக்கள் வில்லியம் கிரிண்ட்காப் என்பவரைத் தலைவராகக் கொண்டு எழுந்தார்கள். அவர் லண்டனுக்குப் போய் மன்னரின் கடிதத்தோடு திரும்பினார். ஜூன் 15, சனிக்கிழமை, கூட்டம் மடத்துக்குள் நுழைந்தது. சிறைக் கதவைத் திறந்தார்கள். மடத்தின் பத்திரங்களைக் கேட்டு வாங்கி எரித்தார்கள். பிறகு வரவேற்புக்கூடத்துக்குப் போனார்கள்.

ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கல்லைக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை. ஆனால் அந்தத் தரை எதனால் ஆனது என்று அவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. கற்களைப் பெயர்த்து எடுத்தார்கள். துண்டுகளாக உடைத்து ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க்கோயிலில் ஆசீர்வதித்த ரொட்டியைப் பிட்டுக் கொடுப்பார்களே, அதுபோலக் கொடுத்தார்கள் என்று மடத்துத் துறவி தாமஸ் வால்சிங்கம் எழுதியிருக்கிறார். அவர் கலகக்காரர்களை வெறுத்தவர். அவருடைய பேனாவே இந்தக் காட்சியை விட்டுவிட முடியாமல் எழுதிவைத்திருக்கிறது.

மீண்டும் ஓர் உரிமைப் பத்திரம் கிடைத்தது. ஒரு மாதம்கூட நிற்கவில்லை. லண்டனில் வாட் டைலர் கொல்லப்பட்டபின் கலகம் சரிந்தது. ஜூலையில் இளம் மன்னர் இரண்டாம் ரிச்சர்ட், தலைமை நீதிபதி ராபர்ட் ட்ரெசிலியனோடு செயின்ட் ஆல்பன்ஸுக்கே வந்து விசாரணை நடத்தினார். ஊராரைப் பணியச் சொல்வதற்காகக் கிரிண்ட்காப்பைப் பிணையில் விட்டிருந்தார்கள். அவர் நேர்மாறாக, என் உயிருக்காகப் பின்வாங்க வேண்டாம், உரிமைக்காகச் சாவதில் எனக்கு மகிழ்ச்சியே என்ற கருத்தில் பேசினார். அவரையும் வேறு பலரையும் தூக்கிலிட்டார்கள். கலகத்தின் குரலாக விளங்கிய பாதிரியார் ஜான் பாலும் ஜூலை 15-இல் அந்த ஊரில்தான் கொல்லப்பட்டார். பத்திரம் செல்லாததாயிற்று. மடத்தின் ஆலைகள் மறுபடி அரைத்தன.

ஆறு யாருடையது?

இந்த வரலாற்றை எழுதியவர்களில் சிலர், புதிய பொறியைக் கண்டு மிரண்ட பழைமைவாதிகள் என்று அந்த ஊராரைக் கடந்துபோயிருக்கிறார்கள். அது பெரிய அநீதி. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்க் ப்ளாக் 1935-இல் நீராலையின் வரலாற்றை எழுதியபோது செயின்ட் ஆல்பன்ஸை நடுவில் வைத்துப் பேசினார். நீராலை பரவியதற்குத் தொழில்நுட்பம் எவ்வளவு காரணமோ, பிரபுக்களின் அதிகாரமும் அவ்வளவு காரணம் என்று அவர் காட்டினார்.

யோசித்துப் பாருங்கள். ஆலை தங்களுக்கும் பங்குள்ள பொதுச்சொத்தாக இருந்து, கூலி நியாயமாக இருந்து, வேண்டாதபோது வேறிடம் போகும் உரிமையும் இருந்திருந்தால், எந்தத் தாய் விடியுமுன் எழுந்து திரிகை சுற்ற ஆசைப்பட்டிருப்பாள்? அவர்கள் ஒதுக்கியது சக்கரத்தை அல்ல, சக்கரத்தோடு கட்டியிருந்த சங்கிலியை. உடல் நோவைத் தாங்கிக்கொள்ளலாம், தன் வீட்டு ரொட்டிக்கு இன்னொருவரிடம் அனுமதி கேட்டு நிற்பதைத் தாங்க முடியாது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். ஆன்டிபேட்டர் பாடிய ஓய்வு அந்தப் பெண்களுக்கும் வந்திருக்கக்கூடியதுதான். மதகின் கைப்பிடி யார் கையில் இருந்தது என்பதில் அது நின்றுபோனது.

காலம் மடத்தை விட்டுவைக்கவில்லை. 1539 டிசம்பரில் எட்டாம் ஹென்றியின் ஆட்களிடம் மடம் ஒப்படைக்கப்பட்டுக் கலைந்தது. ஆலைகள் கைமாறின. கட்டாய அரைவை ஒரே நாளில் ஒழியவில்லை. பல பண்ணைகளில் நூற்றாண்டுகள் இழுத்து, வழக்குகளிலும் விலை பேசுவதிலும் சிறிது சிறிதாகத் தேய்ந்தது. வெர் ஆற்றங்கரையில் மடத்துக்குச் சொந்தமாயிருந்த ரெட்போர்ன்பரி ஆலை, 1987-இல் தீயில் பெரிதும் சேதமாகி, மறுபடி கட்டியெழுப்பப்பட்டு இன்றும் கோதுமை அரைக்கிறது. அங்கே போய் மாவு வாங்குபவர் விரும்பி வாங்குகிறார். வேண்டாமென்றால் வேறு கடைக்குப் போகலாம். அந்தச் சின்ன உரிமைக்காகத்தான் கிரிண்ட்காப் தூக்கில் ஏறினார். ஒரு பொறி எவ்வளவு வேலை செய்கிறது என்று கேட்கும் ஒவ்வொரு முறையும், அது யாருக்குக் கட்டுப்பட்டது, அதை மறுக்கும் உரிமை யாருக்கு உண்டு என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓயாமல் இதைக் கேட்டவர்கள் வெர் ஆற்றங்கரைக் குடிகள்.

அடுத்த அத்தியாயத்தில் ஆற்றை விட்டுவிட்டு நிலக்கரிக்கு வருகிறோம். 1786-இல் லண்டன் தேம்ஸ் கரையில் நீராவியால் ஓடும் ஆல்பியன் ஆலை அரைக்கத் தொடங்கியது. ஐந்தே ஆண்டுகளில் அது எரிந்தபோது, கரையில் நின்ற ஆலைக்காரர்கள் ஆடிப்பாடினார்கள். ஆற்றங்கரை ஆலைகளில் ஒருகாலத்தில் மக்களைக் காக்கவைத்தவர்கள் இப்போது எதற்கு அஞ்சினார்கள் என்பதை அங்கே பார்ப்போம்.

(தொடரும்)